வேங்கிக்கால் மாடியில் விஞ்ஞானக் கதைக்காரர்கள்

அருண், வனிதா! அப்பா எழுதுகிறேன். திருவண்ணாமலைக்குச் சாமி கும்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். சாமி கும்பிட்டதும் நிஜம்தான். ஆனால் அதற்காக மட்டும் போகவில்லை. நீங்கள் சின்னப் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் உளறிவிடுவீர்கள் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது முழுசாக எழுதுகிறேன்.

உங்கள் மலர் அக்கா ராத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருப்பாளே, அது ஆஸ்பத்திரி லேப் வேலை இல்லை. விஞ்ஞானக் கதை படிக்கிற தமிழ் ஆட்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். உலகம் பூராவும் ஆள் இருக்கிறார்கள். குழுவுக்கு "நாளன்னைக்கு" என்று பெயர். அதில் ஒரு பையனோடு அக்காவுக்குப் பழக்கம். முகம் பார்த்தது இல்லை, எழுத்துதான். பெயர் தணிகைவேல், ஊர் திருவண்ணாமலைக்குப் பக்கம் கீழ்பென்னாத்தூர்.

அக்கா என்னிடம் நேராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். குழுக்காரங்க முதல் தடவையா நேர்ல கூடறாங்க, திருவண்ணாமலையில. நீங்க போய்ப் பாருங்க. யாருன்னு சொல்லாம பாருங்க. வேணாம்னு நீங்க சொன்னா நான் விட்டுடறேன்."

இந்தக் கடைசி வார்த்தைதான் என் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. அவள் அடம் பிடித்திருந்தால் எனக்குச் சுலபம். கோபப்பட்டுவிட்டு சும்மா இருந்திருப்பேன். என் வாயில் வருகிற ஒரு வார்த்தையில் அவள் வாழ்க்கை என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் நேரம் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றாள்.

சனிக்கிழமை காலையில் ஊர் போய்ச் சேர்ந்தேன். தேரடி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் மலை. நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கில் காயப் போட்ட துணி தெரியும், அவ்வளவு பக்கத்தில் இங்கே மலை. கீழே ஹோட்டலில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தார்கள். வனிதா, நீ பிராட்டாவுக்குச் சீனி கேட்டு அழுவாயே, இந்தச் சட்னியை ஒரு தடவை தின்றால் சீனியை மறந்துவிடுவாய். சப்ளையர் என் வாட்சைப் பார்த்துவிட்டு, "சார் எந்த நாடு?" என்றார். சிங்கப்பூர் என்றேன். "அங்க சட்னி கம்மியாதான் வெப்பாங்க, நல்லா ஊத்திக்குங்க" என்று கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டுப் போனார்.

கோயிலில் என் வேண்டுதல் இப்படித்தான் இருந்தது: பையன் நல்லவனா கெட்டவனா என்று எனக்குத் தெளிவாகக் காட்டு. நடுவில் நிறுத்திவிடாதே.

மத்தியானம் லாட்ஜில் படுத்துக்கொண்டு அக்கா அச்சடித்துக் கொடுத்த கதைகளில் ஒன்றைப் படித்தேன். அதில் வேற்று உலகத்து வண்டு ஒன்று வீட்டு வரி கட்ட வரிசையில் நிற்கிறது. வண்டுக்கு எதற்கு வரி என்று யோசித்தபடியே தூங்கிவிட்டேன்.

ஞாயிறு காலை கூட்டம் வேங்கிக்காலில். அது ஊருக்கு வெளியே, கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம். புதுசு புதுசாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டோவில் போயிருக்கலாம். இத்தனை வருஷம் பஸ் ஓட்டுகிறவன், ஊர் பஸ்ஸில் போய்ப் பார்ப்போமே என்று ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்த உடனே டிரைவர் கையைத்தான் பார்த்தேன். நல்ல கை. வண்டிதான் நல்ல வண்டி இல்லை. பாதி வழியில் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

"ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்க. ஒரு தள்ளு தள்ளுனா போயிடும்" என்றார் கண்டக்டர்.

நானும் இறங்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார் நீங்க வேணாம். சட்டை புதுசா இருக்குது."

"நானும் டிரைவர்தாம்ப்பா."

"அப்ப நடுவுல வாங்க. நீங்கதான் நல்லாத் தள்ளுவீங்க."

சிங்கப்பூரில் வண்டி நின்றால் ரேடியோவில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். இங்கே முகம் தெரியாத ஆட்களோடு தோளோடு தோள் வைத்துத் தள்ளினேன். வண்டி கிளம்பிய சந்தோஷத்தில் எல்லாரும் ஓடி ஏறினார்கள். டிரைவர் எனக்காக ஒரு ஹாரன் அடித்தார். ஆனால் நேரம் போய்விட்டது. கூட்டம் ஆரம்பித்து வெகுநேரம் கழித்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். இப்படித் தாமதமாகப் போனதுதான் அன்றைக்கு என்னைப் படாத பாடு படுத்தியது.

ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் டியூஷன் நடக்கிற ஒரு ஹால். பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தியது சரோஜா டீச்சர், அரசுப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர். வாசலில் தயங்கி நின்ற என்னைப் பார்த்து, "யாருங்க?" என்றார்.

"சிங்கப்பூர்ல இருந்து வரேங்க. விஞ்ஞானக் கதைக் கூட்டம்னு..."

"வாங்க வாங்க, அப்படியே உக்காருங்க. ஒவ்வொருத்தரா அறிமுகம் சொல்லிட்டிருக்கோம். உங்க முறை கடைசியில."

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். எதிர் வரிசையில் ஒல்லியாக ஒரு பையன், இஸ்திரி போட்ட நீலச் சட்டை. சிங்கப்பூர் என்றதும் அவன் தலை நிமிர்ந்தது. அவனாகத்தான் இருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

பெங்களூரில் இருந்து வந்த பிரகாஷ் என்பவர் பேசிக்கொண்டிருந்தார். "சாஃப்ட்வேர் வேலை. ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுடும்னாங்களே, அத நிறுத்தாம காப்பாத்தின கும்பல்ல நானும் ஒருத்தன். தூக்கத்தில புரோகிராம் சொல்லுவேன், என் ரூம்மேட் எழுதி வெச்சிருக்கான். எங்க வீட்டு நாய்க்கு ஏழு வரைக்கும் எண்ணத் தெரியும்."

எல்லாரும் அவரை உற்றுப் பார்த்தார்கள், சில பேர் சிரித்தார்கள். நான் நாயை நினைத்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது என் பக்கத்து ஆள், பாஷா பாய், ஆரணிக்காரர். "நான் ஜியாலஜி. போர் போடற கம்பெனியில இருக்கேன். எங்க தண்ணி இருக்குன்னு மெஷின் வெச்சுப் பார்ப்பேன். நான் போறதுக்கு முன்னாடியே ஒருத்தர் தேங்காய கையில வெச்சிக்கிட்டு நிலத்தில நடந்துட்டிருப்பாரு. சொன்னா வெட்கம், என் மெஷினை விட தேங்காய்தான் ஜாஸ்தி ஜெயிச்சிருக்கு. இன்னொண்ணு, எனக்கு நீச்சல் தெரியாது. வாழ்க்கையில ஒரு தடவை கூட கடலைப் பார்த்ததில்ல."

பிறகு ஜெர்மனிக்காரர் ஒருவர், யோஹான், வெள்ளைத் தாடி. மலை அடிவாரத்தில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டீச்சர் தமிழில் சொன்னார். "அவங்க ஊர்ல கண்ணாடித் தொழிற்சாலையில ரசாயன வேலையாம். கண்ணாடிக்குள்ள நிறம் ஏத்தறதாம். சின்ன வயசில நிலாவுக்குப் போகணும்னு கிளம்பினவராம், பாதி வழியில திருவண்ணாமலையிலேயே எறங்கிட்டாராம். போன மாசம் ஒரு சிறுத்தை வந்து கொடியில காஞ்ச அவர் லுங்கியை எடுத்துட்டுப் போயிடுச்சாம்."

சிறுத்தைக்கு லுங்கி எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். மரியாதை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

நீலச் சட்டைப் பையன் எழுந்தான். குரல் கணீரென்று இருந்தது.

"தணிகைவேல். கீழ்பென்னாத்தூர். வீட்டில வேர்க்கடலை போடறவங்க. நான் டிப்ளமோ முடிச்சிட்டு ஆஸ்பத்திரிங்களுக்கு எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர் பண்றேன். வேலூர் வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. வீட்டு மாடியில கம்பி வலையில பெரிய தட்டு ஒண்ணு செஞ்சு நிறுத்தியிருக்கேன். அத ரேடியோவில மாட்டினா சூரியன் போடற இரைச்சல் கேக்கும். பன்னெண்டு வயசில இருந்து எனக்குச் சக்கரை வியாதி. தினம் ரெண்டு வேளை ஊசி, நானே போட்டுக்குவேன். விஞ்ஞானக் கதை படிக்க ஆரம்பிச்சதே ஆஸ்பத்திரிக் கட்டில்லதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எக்ஸ்ரேயைச் சொன்ன அதே குரலில்தான் ஊசியையும் சொன்னான்.

எனக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. சூரியன் இரைச்சல், எக்ஸ்ரே, எதுவும் மனசில் நிற்கவில்லை. அக்கா அவனைப் பற்றி எத்தனையோ சொன்னாள், இதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா, தெரிந்தும் என்னிடம் மறைத்தாளா? என்னோடு வண்டி ஓட்டிய அங்கிள் ஒருவருக்கு இதே வியாதியில் ஒரு கால் போனதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனால் அந்த ஆன்ட்டி முகம் எப்படி இருக்கும்? அந்த முகத்தில் என் பெண்ணின் கண்ணை வைத்துப் பார்த்தேன். அதோடு முடிவு செய்துவிட்டேன். சாயங்காலம் போனில் வேண்டாம் என்று சொல்வது. சாமியிடம் தெளிவாகக் காட்டு என்று கேட்டேன், காட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து டீச்சர், "சிங்கப்பூர் சார், நீங்க சொல்லுங்க" என்றார்.

எழுந்து நின்றேன். "என் பேர் ராமலிங்கம். பஸ் டிரைவர். ஏழாவதோட படிப்பு நின்னுபோச்சு. விஞ்ஞானம் எல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. கோயிலுக்கு வந்தேன், அப்படியே சும்மா இதையும் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

எல்லாரும் என்னை உற்றுப் பார்த்தார்கள். பிறகு பிரகாஷ் கையைத் தூக்கினார். "பஸ் டிரைவர்ங்கறது பொய்!"

எனக்குப் பகீர் என்றது.

"இல்ல இல்ல, ஏழாவதுங்கறதுதான் பொய்" என்றார் பாஷா பாய். "பார்த்தா படிச்சவரா தெரியறாரு."

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதெல்லாம் நிஜம். சும்மா பார்க்க வந்தேன்னாரே, அதுதான் பொய். சும்மா வரவரு சிங்கப்பூர்ல இருந்து இந்த மாடிப்படி ஏற மாட்டாரு."

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். தணிகைவேல் மட்டும் சிரிக்கவில்லை. திருடன் பிடிபட்ட மாதிரி நான் நின்றேன். இவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, அக்கா பேரைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பாஷா பாய்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "பயந்துட்டீங்களா? நீங்க லேட்டா வந்தீங்க, அதான் தெரியல. அறிமுகத்தில நிஜத்தோட ஒரு பொய் கலந்து சொல்லணும். இன்னிக்குக் கூட்டத்துக்கு டீச்சர் வெச்ச விதி அது. எது பொய்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும். கதை எழுதறவனுக்கு இதானே சார் வேலை! சாப்பாட்டுக்கு முன்னாடி அவங்கவங்க பொய்ய உடைச்சிடுவோம்."

"எல்லாரும் பொய் சொன்னாங்களா?"

"ஆளுக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் சத்தியம்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. அப்படியானால் ஊசி பொய்யாக இருக்கலாம்! இந்த வயசுப் பையன், எவ்வளவு திடமாக நிற்கிறான், அவனுக்குப் போய் சர்க்கரையா? எக்ஸ்ரே ரிப்பேர் நிஜம், அது அக்காவே சொன்னது. மிச்சம் சூரியத் தட்டும் ஊசியும். ஊசிதான் பொய், ஊசிதான் பொய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பொய் உடைக்கிற ஆட்டம் ஆரம்பித்தது. ஒவ்வொருவருக்கும் ஓட்டெடுத்தார்கள், சண்டை போட்டார்கள். பாஷா பாய் கடலைப் பார்த்தவர்தானாம். பிரகாஷின் நாய் ஏழு வரைக்கும் எண்ணுவது நிஜமாம், தூக்கத்தில் புரோகிராம் சொல்வதுதான் பொய்யாம். நாயை நம்பாமல் இரண்டு பேர் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். யோஹானின் லுங்கியைக் குரங்குதான் எடுத்ததாம். மணி ஒன்று தாண்டி, ஒன்றரை தாண்டியது. மெஸ்ஸில் இருந்து சாப்பாடு வரவில்லை. வண்டி எங்கேயோ ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டதாம்.

தணிகைவேல் நடுவில் இரண்டு தடவை எழுந்து கீழே போய்விட்டு வந்தான். சிகரெட் பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் போகும்போது மூச்சை இழுத்துப் பார்த்தேன். வாசனை இல்லை. இதையும் எழுதுகிறேன், உங்கள் அப்பா நான் அன்றைக்கு அப்படித்தான் இருந்தேன்.

கடைசியில் அவன் முறை வந்தது. "தணிகை சொன்னதில எது பொய்?" என்றார் டீச்சர்.

"ஊசி!" என்று பிரகாஷ் கத்தினார். "நாலு வருஷமா மெயில்ல பேசறோம், ஒரு தடவை கூட சொன்னதில்ல. ஊசிதான் பொய்."

ஏறக்குறைய எல்லாருமே ஊசிக்குத்தான் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எல்லாரையும் விட உயரமாகத் தூக்கினேன்.

"சொல்லுப்பா, சரியா?"

அவன் வாயைக் கோணி ஒரு சிரிப்புச் சிரித்தான். எழுந்திருக்கப் பார்த்தான், பெஞ்சைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடித்தது. "தட்டு... தட்ட எறக்கணும்... மழ வருது" என்றான். நாக்கு குழறியது.

"ஆஹா!" என்று கைதட்டினார் பிரகாஷ். "சக்கரை வியாதிக்காரனா நடிச்சே காட்டறான் பாரு! ஓட்டை மாத்தப் பார்க்கிறான்!"

எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் விசில் கூட அடித்தார். அவனோ டீச்சரைப் பார்த்து, "நீ யாரு?" என்றான். சிரிப்பில் ஹாலே அதிர்ந்தது. இவர்களுக்குக் கற்பனைதானே தொழில், எதைப் பார்த்தாலும் கதையாகத் தெரிகிறது. நான் அதை விட மோசம். நடிப்பாக இருக்கட்டும், நடிப்பாகவே இருக்கட்டும் என்று நானும் சேர்ந்து கைதட்டினேன்.

தட்டிக்கொண்டே அவனைப் பார்த்தேன். அவனிடம் இருந்து கண்ணை எடுக்க என்னால் முடியவில்லை, அதற்காகத்தானே கடல் தாண்டி வந்தேன். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறான். எனக்கே சில்லென்று இருக்கிறது. அவன் நீலச் சட்டை மார்பு வரைக்கும் நனைந்து கறுத்திருந்தது. முகவாயில் இருந்து வேர்வை சொட்டுகிறது. யாராலாவது வேர்வையை நடிக்க முடியுமா?

எழுந்து போய் அவன் கையைப் பிடித்தேன். மீன் மாதிரி சில்லென்று வழுக்கியது.

"டீச்சர், இது நடிப்பு இல்லீங்க! வந்து பாருங்க!"

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. டீச்சர் ஓடி வந்து அவன் கன்னத்தைத் தட்டினார். "ஐயோ, சக்கரை எறங்கிடுச்சு! காலையில ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கான். யார்கிட்டயாவது இனிப்பு இருக்குதா? சாக்லேட், பிஸ்கட், எதாவது?"

பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். புஸ்தகம், புஸ்தகம், டார்ச், பேட்டரி. செவ்வாய்க் கிரகத்துக்குப் போக வழி தெரிந்தவர்கள் கையில் ஒரு மிட்டாய் இல்லை. நான் மாடிப்படியில் பாய்ந்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கரும்புச்சாறு வண்டி. சிக்னலும் இல்லை, கோடும் இல்லை. ஒரு லாரி, ஒரு பஸ், நடுவில் மாட்டு வண்டி. எல்லாரும் எனக்கு ஹாரன் அடித்தார்கள். வண்டிக்கார அம்மா மிஷினை நிறுத்திவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு ஜூஸ், சீக்கிரம்!"

"இஞ்சி போடட்டா, எலுமிச்சையா?"

"ஒண்ணும் வேணாம்மா! ஒரு பையன் மயங்கிக் கெடக்கிறான்!"

அந்த அம்மா டிபனைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு மிஷின் கயிற்றை இழுத்தார். புர்ரென்றது, நின்றது. இன்னொரு தடவை இழுத்தார். நின்றது. என் வாழ்க்கையில் எந்த இன்ஜின் கிளம்பவும் நான் அப்படி வேண்டியதில்லை. அடுத்த இழுப்பில் ஓடியது. கரும்பைத் தானே கையால் உள்ளே தள்ளி, வடிகட்டக் கூட இல்லாமல் சொம்போடு என் கையில் கொடுத்தார். "ஓடுங்க சார், சொம்பு அப்புறம் தாங்க!"

சிந்தாமல் அந்த ரோட்டை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது.

மேலே அவனைத் தரையில் உட்கார வைத்து யோஹான் முதுகுக்குப் பின்னால் சாய்மானமாக உட்கார்ந்திருந்தார். சொம்பை வாயில் வைத்தால் தட்டிவிடுகிறான். பல்லைக் கடிக்கிறான். "வேணாம்... போ... போ" என்று என்னைத் தள்ளினான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வனிதாவுக்கு மருந்து கொடுக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவேனே, அந்த மாதிரி, "தம்பி, ஒரே ஒரு வாய். அப்பா சொல்றேன்ல, ஒரே ஒரு வாய்" என்றேன். என்ன நினைத்தானோ, வாயைத் திறந்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். முதல் வாய் பாதி சட்டையில் வழிந்தது. இரண்டாவதை விழுங்கினான்.

பிறகு காத்திருந்தோம். பிரகாஷ் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அந்த நேரத்தில் கல்யாணம், சம்மதம் ஒன்றும் என் நினைப்பில் இல்லை. இந்தப் பிள்ளை கண்ணைத் திறக்கட்டும், அவ்வளவுதான்.

மெதுவாக முகத்தில் ரத்தம் வந்தது. கண் என் மேல் நின்றது, அப்புறம் சுற்றிலும் பார்த்தது. "யாரு... யாரு சரியா சொன்னாங்க?" என்றான்.

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. "எரும மாடே! யாரும் சொல்லலடா!"

"தட்டுதான் பொய்" என்றான். "கம்பி வலை மட்டும் வாங்கி வெச்சிருக்கேன். இன்னும் செய்யல."

சூரியத் தட்டு இல்லை என்று ஆனதில் எனக்கு ஒரு நஷ்டமும் தெரியவில்லை.

சாப்பாட்டு வண்டி வந்து, அவனை முதலில் சாப்பிட வைத்தோம். வாங்கிபாத்தும் தயிர் சாதமும். என்னால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சொம்பைத் திருப்பிக் கொடுக்க நான் கீழே போனபோது அவனும் பின்னாலேயே இறங்கி வந்தான். சைக்கிள் கடை வாசல் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"சார், நீங்க மலரோட அப்பாதானே?"

"எப்பத் தெரிஞ்சுது?"

"சும்மா பார்க்க வந்தேன்னு சொன்னீங்களே, அப்பதான். எங்கப்பாவுக்குப் பொய் சொல்ல வராதுன்னு மலர் எழுதியிருக்காங்க."

நான் கேட்டேன், "உனக்கு இது இருக்குன்னு மலருக்குத் தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல சார். எத்தனையோ தடவ எழுதினேன், அனுப்பாம அழிச்சிடுவேன். அவங்க தினம் லேப்ல இதத்தான் டெஸ்ட் பண்றாங்க. நானும் ஒரு டெஸ்ட் டியூபா ஆயிடுவேன்னு பயம். இன்னிக்குத்தான் வெளியாளுங்க முன்னாடி மொத தடவையா சொன்னேன். பொய்யோட சேர்த்துச் சொன்னா நிஜத்தச் சொல்லிட முடியுது. நம்பலன்னா நம்ம குத்தம் இல்ல பாருங்க."

"பையில மிட்டாய் கூடவா வெச்சிருக்க மாட்ட?"

"ரிப்பேர்ப் பையில எப்பவும் குளுக்கோஸ் இருக்கும் சார். கூட்டமாச்சேன்னு நல்ல சட்டை போட்டுக்கிட்டு அந்தப் பையை வீட்லயே வெச்சிட்டேன். கீழ வந்து பார்த்தேன், ஞாயித்துக்கிழமை, கடை எல்லாம் சாத்தியிருந்தது. அந்தக் கரும்பு வண்டியும் அப்ப இல்ல."

அவனை ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டேன். "நான் யாருன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ஊசியப் பத்தி அங்க சொல்லியிருப்பியா?"

அவன் ரோட்டைப் பார்த்தான். கட்டாயம் சொல்லியிருப்பேன் சார் என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"தெரியல சார்" என்றான்.

மணி ஐந்தரைக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே அப்போது எட்டு. கலெக்டர் ஆபீஸ் பக்கமாக நடந்து, வெளிநாட்டுக்குப் பேசுகிற வசதி உள்ள ஒரு பூத்தைக் கண்டுபிடித்தோம். ஒரு அம்மா நடத்துகிறார். கண்ணாடிக் கூண்டுக்குள் நான் போகவில்லை. நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டு ரிசீவரை அவன் கையில் கொடுத்தேன்.

"நீயே சொல்லு தம்பி."

"இப்பவா சார்?"

"மணி அடிக்குது பாரு."

வெளியே நின்றேன். ஒருவர் குரலை ஒருவர் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். அவன் வாய் அசைவது தெரிந்தது. பிறகு அசையவில்லை. வெகுநேரம் அசையவில்லை. அந்தப் பக்கம் அக்கா என்ன சொல்கிறாள் என்று அவன் முகத்தில் தேடினேன். ஒன்றும் புரியவில்லை. கதவைத் திறந்து, "உங்களைக் கூப்பிடறாங்க" என்று ரிசீவரை நீட்டினான்.

"அப்பா." அக்கா குரல் கரகரத்திருந்தது. "தெரியுமாப்பா உங்களுக்கு?"

"நேர்லயே பார்த்தேம்மா." நடந்ததைச் சொன்னேன். கரும்புச்சாறு வரைக்கும் சொன்னேன்.

"நாலு வருஷம்ப்பா. நான் தினம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவ. என்கிட்ட சொல்லலன்னா என்னை என்னன்னு நெனச்சார் அவர்? எனக்கு எவ்ளோ கோவம் தெரியுமா?" என்றாள்.

"வேணாம்னு சொல்றியா?"

"நான் எங்க வேணாம்னு சொன்னேன்? கோவம்னு சொன்னேன். நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா விட்டுடறேன்னு சொல்லியிருக்கேனே."

காலையில் தயாராக வைத்திருந்த அந்த ஒரு வார்த்தையைத் தேடினேன். அது என்னிடம் இல்லை. காலில்லாத அந்த அங்கிளின் நினைப்பு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன், பயம் இப்போதும் இருக்கிறது. ஆனால் கையில் அந்தப் பையனின் வேர்வை ஈரமும் இருந்தது.

"எனக்குச் சம்மதம்மா" என்றேன். "உன் கோவத்த நீயே அவர்கிட்டச் சொல்லிக்க. நடுவுல நான் எதுக்கு?"

ரிசீவரை மறுபடியும் அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். இந்தத் தடவை கண்ணாடியைத் தாண்டி அக்கா குரல் எனக்கே கேட்டது. அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "இல்ல... இல்ல மலர்... நான் சொல்றதக் கேளுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பூத்து அம்மா எட்டிப் பார்த்தார். "என்னங்க, உள்ள பெரிய சண்டையா இருக்குது? பக்கத்துக் கூண்டில பேசறவங்களுக்குத் தொந்தரவு. லைனக் கட் பண்ணிடட்டா?"

"வேணாம்மா, கட் பண்ணாதீங்க" என்றேன். "அது எங்க வீட்டுச் சண்டை."